சர்க்கரைத் தண்ணீர் யாருக்கு?

ஆகஸ்ட் கடைசியில் வட கரோலினாவில் காற்று அசையாது. விடியும்போதே ஜன்னல் கண்ணாடிகள் வெளிப்பக்கம் வியர்த்து நிற்கும். மதியம் மூன்று மணிவாக்கில் மேற்கே கருக்கும், இடி இடிக்கும், அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும். மழை விட்டதும் புழுக்கம் முன்னைவிடக் கூடியிருக்கும். நாங்கள் வசிக்கும் கேரி நகரத்தின் மண் களிப்பான செம்மண். நனைந்தால் காலை விடாது, காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. இந்தப் பருவத்தில் வீட்டுத் தோட்டம் பார்க்க லட்சணமாக இருப்பதில்லை. தக்காளி அடியிலிருந்து மஞ்சளாகிக் கருகிக்கொண்டே மேலே ஏறும். வெண்டை ஆள் உயரத்துக்குப் போய் உச்சியில் மட்டும் காய்க்கும். ஜினியா இலைகளில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படிந்திருக்கும். அவரை மட்டும் இப்போதுதான் பூக்கத் தொடங்கும். பகல் குறுகினால்தான் அதற்குப் பூக்க மனம் வரும். அக்கம்பக்கத்தில் பலர் கோடை முடிந்தது என்று வாடிய செடிகளைப் பிடுங்கிவிட்டு, வாசலில் செவ்வந்தித் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த நாட்கள் இவைதான். கொல்லையில் ஹம்மிங்பேர்டுகள் அதிகமாகத் தெரிவது இப்போதுதான்.

ரீங்காரச் சிட்டு என்று தமிழில் சொல்லப்படும் இந்தப் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இன்று இல்லை. முந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆனால் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது ரூபி த்ரோட்டட் என்ற ஒரே இனம். எடை மூன்று கிராம் அளவு. ஏறக்குறைய நம் ஊர் ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. விநாடிக்கு ஐம்பது தடவைக்குக் குறையாமல் சிறகடிக்கும். பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்கும், பின்பக்கமாகவும் பறக்கும். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ தெற்கிலிருந்து வந்து சேரும். வசந்தத்தில் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். ஆகஸ்டில் இந்த வருடத்துக் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்திருக்கும். வடக்கே கனடா வரை பரவியிருந்தவையும் தெற்கு நோக்கி இறங்க ஆரம்பித்திருக்கும். கழுத்தில் மாணிக்கச் சிவப்பு மின்னும் வளர்ந்த ஆண்கள் முதலில் கிளம்பிவிடும். அதனால் ஆகஸ்ட் கடைசியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பெண்களையும் இளசுகளையும்தான். கூர்ந்து பார்த்தால், இளம் ஆண்களில் சிலவற்றின் தொண்டையில் ஒன்றோ இரண்டோ சிவப்பு இறகு மட்டும் முளைத்திருப்பது தெரியும்.

அப்பா கோடைக்குக் கும்பகோணத்திலிருந்து வந்து சில மாதங்கள் எங்களோடு இருப்பார். காலைக் காப்பியும் மாலைக் காப்பியும் அவருக்குப் பின்பக்கத்து டெக்கில்தான். அப்படி ஒரு மாலையில், சிட்டுகள் வந்து குடிக்க ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கும் ஃபீடரில் ஊற்றுவதற்காக, அடுப்பில் சர்க்கரைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கதவருகே வந்து நின்று கேட்டார்.

"ஏம்மா, நாம இதை வைக்கலைன்னா அது பட்டினி கெடக்குமா?"

"இல்லப்பா."

"அப்ப யாருக்காக வைக்கிறே?"

குற்றம் சாட்டும் கேள்வி இல்லை அது. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாற்பது வருடம் கணக்குப் போட்டு வேலை பார்த்தவர்; ஒரு செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. நானும் சுலபமான பதில் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

பறவைக்கு என் ஃபீடர் தேவையில்லை என்பது நிச்சயம். ஹம்மிங்பேர்ட் ஃபீடர்கள் கடைக்கு வந்து நூறு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் லட்சக்கணக்கான வருடங்கள் இவை பூவையும் பூச்சியையும் நம்பி வாழ்ந்தவை. சாப்சக்கர் என்ற மரங்கொத்தி மரப்பட்டையில் துளையிட்டுச் சாறு குடிக்கும். அது போன பிறகு அந்தத் துளைகளிலும் இவை வந்து குடிக்கும். ஃபீடரைக் கழற்றாமல் விட்டால் பறவைகள் வலசை போக மறந்து குளிரில் மாட்டிக்கொள்ளும் என்று இங்கே சிலர் செப்டம்பர் பிறந்ததும் எடுத்துவிடுகிறார்கள். அதுவும் தேவையற்ற பயம். பகல் குறுகுவதை உடம்பு உணர்ந்ததும் அவை கிளம்பிவிடும். நம் சர்க்கரைக்கு அவற்றைப் பிடித்துவைக்கும் பலம் கிடையாது.

அப்படியானால் அவற்றுக்கு என்னதான் தேவை? இந்தக் கொல்லையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. முதல் தேவை பூச்சி. தேன் என்பது பறப்பதற்கான எரிபொருள். உடம்பு வளர்வது கொசுவிலும் பழ ஈயிலும் சின்னச் சிலந்தியிலும். தாய், குஞ்சின் தொண்டைக்குள் அலகை இறக்கி ஊட்டுவதில் பூச்சிதான் முக்கியம். கூட்டையும் பெண் தனியாகவே கட்டும். அரை வால்நட் ஓடு அளவுள்ள அந்தக் கூட்டைச் சிலந்தி நூலால் சேர்த்துக் கட்டி, வெளிப்பக்கம் மரப்பாசி ஒட்டி மறைத்துவிடும். சிலந்தி நூல் இழுபடும் என்பதால் குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும். சிலந்தி இல்லாத தோட்டத்தில் இந்தக் கூடு இல்லை. எங்கள் குடியிருப்பிலோ கோடை முழுவதும் கொசு மருந்து அடிக்கும் வண்டிகள் வீடு வீடாக வந்தபடி இருக்கும். அந்த மருந்துக்குக் கொசு எது, தேனீ எது, சிலந்தி எது என்று தெரியாது. மருந்து அடித்த தோட்டத்திலேயே சிவப்பு ஃபீடர் அழகாகத் தொங்குவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அந்த வீட்டுக்காரர்களும் பறவையை விரும்பித்தான் மாட்டியிருக்கிறார்கள். ஒரு கையால் ஊட்டி, மறு கையால் இலையை எடுத்துவிடுவது அது. எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இரண்டாவது தேவை, அந்தந்தப் பருவத்தில் அங்கேயே இயல்பாக முளைக்கும் பூ. கேரியில் ஸ்விஃப்ட் க்ரீக் என்ற ஓடைக்கரையில் ஹெம்லாக் பிளஃப்ஸ் என்றொரு காப்புக்காடு இருக்கிறது. இந்தப் பகுதியின் ஓடைக்கரை ஈரங்களில் கோடை முடிவில் ஜுவல்வீட் ஆரஞ்சு நிறத்தில் பூத்துத் தொங்கும். நம் காசித்தும்பையின் சொந்தம்தான். முற்றிய காயைத் தொட்டால் அதேபோலத் தெறித்து விதை சிதறும். காசித்தும்பைக் காயைக் கையில் வைத்து வெடிக்கவிட்டு விளையாடிய ஊர்க்காரர் அப்பா. இங்கே ஒரு காயைத் தொட்டுவிட்டு, "அட, இது நம்ம புள்ள!" என்றார். சிட்டுகள் தெற்கே இறங்கும் வாரங்களும் இந்தப் பூ நிறைந்து கிடக்கும் வாரங்களும் ஒன்றேதான். கார்டினல் பூவும் அப்படி. ஈரமண்ணில் நிமிர்ந்து நிற்கும் சிவப்புக் கதிர் அது. பூவின் குழல் நீளம். அடியில் இருக்கும் தேன் பெரும்பாலான தேனீக்களுக்கு எட்டாது. நீண்ட அலகுக்கென்றே செய்து வைத்த பூ. மழைத்தண்ணீர் தேங்கும் எங்கள் கொல்லை மூலையில் அதை நட்டோம். ஊன்றிய பிறகு அதற்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை.

சர்க்கரைத் தண்ணீரின் செய்முறையும் ஒரு பாடம்தான். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவே. அப்பா நாட்டுச்சர்க்கரை போடலாமே என்றார். வெள்ளைச் சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் காலம் இது. மூன்று கிராம் உயிருக்கு அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் பூந்தேனில் இருப்பதும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் உள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்குக் கெடுதல். தேனும் கூடாது, தண்ணீர் கலந்த தேனில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சிவப்புச் சாயம் கலப்பது வீண். ஃபீடரில் இருக்கும் சிவப்பே கூப்பிடப் போதும். நமக்கு எது நல்லதோ அதுவே அதற்கும் நல்லது என்று நினைக்கக்கூடாது என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அன்பு தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இதில்தான் இருக்கின்றன. போதும் என்று விருந்தாளி இலையை மறைத்துக்கொண்ட பிறகும் இன்னும் ரெண்டு இட்லி போடுகிறோமே, அந்த இட்லி யாருக்கு? இனிப்பு ஆகாது என்று தெரிந்தே பெரியம்மாவுக்கு மைசூர்பாகு வாங்கிப் போகிறோம். கொடுத்த திருப்தி நம் வீட்டுக்கு வந்துவிடும், சுமப்பது வேறொரு உடம்பு.

வெயில் காலத்தில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு நாளில் கலங்கும். நுரைத்துப் புளிக்கும், விளிம்பில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். அதைக் குடிக்கும் பறவைக்கு நோய் வரும். ஆனால் தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குக் காட்சி மாறாது. கலங்கிய தண்ணீருக்கு முன்னாலும் பறவை வந்து அந்தரத்தில் நிற்கும், சிறகு மினுங்கும், படம் பிடித்தால் படமும் அழகாகவே விழும். அதனால் ஃபீடர் மாட்டுவதைவிட ஃபீடர் கழுவுவதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆகஸ்டில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றி, துளைகளுக்குள் மெல்லிய பிரஷ் விட்டுத் தேய்த்து, காயவைத்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிசுபிசுப்பு விரலில் ஒட்டும், எறும்பு ஏறும், மஞ்சள் குளவிகள் சுற்றும். அப்பா வந்த பிறகு இந்த வேலையைத் தனதாக்கிக்கொண்டார். வெறும் பார்வையாளராக இருந்தவர், பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகு பறவையைப் பற்றிக் கேட்ட கேள்விகளே வேறு. எத்தனை மணிக்கு அதிகமாக வருகிறது, மழைக்கு முன்னாலா பின்னாலா, எது எதைத் துரத்துகிறது என்றெல்லாம் கேட்டார்.

துரத்தல் பெரிய காட்சி. ஒரு ஃபீடரைச் சுற்றி நாலு துளை இருந்தாலும் ஒரு சிட்டு இன்னொன்றை அண்டவிடாது. க்ரேப் மிர்ட்டில் மரத்தின் நுனிக்கொம்பில் ஒன்று காவல் உட்காரும். வேறொன்று வந்தால் அம்பாகப் பாயும். கீச்சென்ற சத்தத்தோடு இரண்டும் கூரைக்கு மேலே ஏறி மறையும். அதற்குள் மூன்றாவது வந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் போகும். ஒரு நாள் ஃபீடரின் மேலேயே ஒரு கும்பிடுபூச்சி அசையாமல் இருந்தது. பெரிய கும்பிடுபூச்சி ஹம்மிங்பேர்டையே பிடித்துத் தின்னக்கூடியது. அப்பா அதை ஒரு குச்சியில் ஏற்றி, பாகற்கொடியில் கொண்டுபோய் விட்டார். "அதுக்கும் பசிதானே" என்று சொல்லிக்கொண்டே விட்டார்.

நாளின் கடைசி வெளிச்சம்தான் உச்சம். இருட்டுவதற்கு முந்திய அரை மணி நேரம் பறவைகள் நிறுத்தாமல் குடிக்கும். பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் துடிக்கக்கூடிய இதயம் அது. இரவெல்லாம் அதே வேகத்தில் ஓட்டினால் விடிவதற்குள் உடம்பு காலியாகிவிடும். அதனால் தேவைப்படும் இரவுகளில் உடம்புச் சூட்டைத் தணித்து, இதயத்தை ஐம்பது துடிப்பு வரை இறக்கி, ஏறக்குறைய உறைந்த நிலையில் கிடக்கும். இந்த மாதங்களில் இன்னொரு சேமிப்பும் நடக்கிறது. மூன்று கிராம் உடம்பு கொழுப்பேற்றி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் போக வேண்டும். சில கடலோரமாகச் சுற்றிப் போகும். சில மெக்சிகோ வளைகுடாவை, எண்ணூறு கிலோமீட்டர் தூரத்தை, எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் கடக்கும். இந்த வருடம் பிறந்தவற்றுக்கு வழிகாட்ட அம்மாவோ அப்பாவோ கூடப் போவதில்லை. ஒவ்வொன்றும் தனியாகவே போகும். காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள், அடுத்த வருடம் அதே பறவை அதே வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருப்பதைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள்.

கோடை முடிவு இங்கே புயல் காலமும்கூட. 2018 செப்டம்பர் 14 அன்று ஃபிளாரன்ஸ் புயல் வில்மிங்டன் அருகே கரையேறியது. கரையேறிய பிறகு நகராமல் நின்று கொட்டியதில் கடலோர ஊர்கள் மூழ்கின. நாங்கள் இருப்பது உள்நாட்டில். எங்களுக்கு மழையும் காற்றும்தான். வெளியில் பறக்கக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். நாற்காலி, தொட்டி, கறிவேப்பிலைச் செடி எல்லாவற்றோடும் ஃபீடரும் உள்ளே வந்தது. சர்க்கரைத் தண்ணீர் சமையலறை மேடையில் இருக்க, மழை இடைவெளி விட்ட ஒரு பத்து நிமிடத்தில் ஒரு சிட்டு எங்கிருந்தோ வந்தது. ஃபீடர் தொங்கும் கொக்கியின் முன்னால் ஒரு கணம் நின்றது. பிறகு தரையோடு சாய்ந்து கிடந்த சால்வியாப் பூக்களுக்குள் புகுந்து, ஒவ்வொரு குழலாகப் பார்த்துக் குடித்தது. என்னால் ஒன்றும் கொடுக்க முடியாத நேரத்திலும் மண்ணில் ஊன்றியது கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே அப்பாவின் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த பதில் இது. பூச்செடிகளும், மருந்து படாத பூச்சிகளும், அந்தப் பூச்சிகளுக்காக வெட்டாமல் விட்ட காய்ந்த தண்டுகளும் பறவைக்காக. சர்க்கரைத் தண்ணீர் எனக்காக. சமையலறை ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் அது வந்து நிற்பதைப் பார்க்க நான் கொடுக்கும் விலை அது.

இப்படிச் சொல்லிவிட்டதால் அந்த இன்பம் குறைந்துபோனதா என்றால், இல்லை. நம் காலத்தில் ஒரு செயலின் பின்னால் நம் சந்தோஷம் இருப்பது தெரிந்ததும் அதைச் சுயநலம் என்று ஒதுக்கும் அவசரம் இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பார்க்கும் ஆசைதான் என்னை ஜன்னலருகே நிறுத்தியது. பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அது இலையடியில் பூச்சி பிடிப்பது தெரிந்தது. அது தெரிந்ததால்தான் கொசு மருந்துக்காரரை வேண்டாம் என்றோம், கார்டினல் பூவைத் தேடிப் போனோம். இந்த ஆசையிலிருந்து அறிவியலும் பிறந்திருக்கிறது. ஹம்மிங்பேர்டின் நாக்கில் நுண்குழாய்போலத் தேன் தானாக ஏறுகிறது என்று 180 வருடம்போல நம்பியிருந்தார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கொலம்பியாவைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ ரிகோ கெவாராவும் மார்கரெட் ரூபேகாவும், ஒளி ஊடுருவும் ஃபீடர்களில் பறவை குடிப்பதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். நாக்கின் நுனி தேனுக்குள் இரண்டாகப் பிரிந்து விரிகிறது, வெளியே இழுக்கும்போது மூடித் தேனைப் பிடித்துக்கொள்கிறது என்று 2011இல் எழுதினார்கள். அமுங்கிய நாக்கு விரிந்து பம்பு மாதிரித் தேனை உள்ளிழுக்கிறது என்று 2015இல் காட்டினார்கள். அருகில் வரவழைத்துப் பார்க்கிற ஆவல் இல்லாவிட்டால் இதெல்லாம் தெரிய வந்திருக்காது. இன்பம் தன் விலையைத் தானே கொடுத்தால் போதும். விலையைப் பறவை கொடுக்கும்படி விட்டுவிடக்கூடாது. நான் கவலைப்படுவது அதற்காக மட்டும்தான்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் வடக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். ஜன்னல் வியர்க்காது. அந்தக் காற்றில் ஏறிப் பல சிட்டுகள் ஒரே நாளில் போய்விடும். மறுநாள் வேறு ஊர்ச் சிட்டுகள் வந்து அதே கொம்பில் காவல் உட்காரும். அக்டோபர் முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அப்பாவும் ஊர் திரும்பிவிடுவார்.

அதற்குப் பிறகும் நான் ஃபீடரை எடுப்பதில்லை. மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்கா வரையிலும் கூடு கட்டும் ரூஃபஸ் என்ற செம்பழுப்புச் சிட்டு இனத்தில் சில, குளிர்காலத்துக்குத் தென்கிழக்கு மாநிலங்கள் பக்கம் வருகின்றன. வட கரோலினாவிலும் நவம்பருக்குப் பிறகு சில வீடுகளின் ஃபீடர்களில் தென்படுகின்றன. உறைபனி தாங்கக்கூடிய பறவை. அதற்கும் என் தயவு தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை. வருமா என்று பார்க்க எனக்கு ஆசை. ஆகவே பனி உறையும் இரவுகளில் ஃபீடரை உள்ளே எடுத்து வைப்பதும், விடிவதற்குள் வெளியே மாட்டுவதும் என் வேலை. கும்பகோணத்திலிருந்து அப்பா போன் செய்யும்போது முதலில் அதைத்தான் கேட்கிறார்: "கழுவினியா?"